பழைய டெலிபோட்டோ லென்ஸ்: வாங்கலாமா, வேண்டாமா? ஒரு வரலாற்றுப் பார்வை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் குந்தாரப்பள்ளி, வெள்ளிக்கிழமை சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். ஆடும் மாடும் கைமாறும் பெரிய சந்தை அது. அங்கே மாடு வாங்க வருகிற யாரும் விற்கிறவர் சொல்லும் பெருமையைக் கேட்டு விலை பேசுவதில்லை. முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, பல் சேர்ந்த மாடா என்று வயதைக் கணக்கிடுவார்கள். அப்புறம் நாலு எட்டு நடக்க விட்டுப் பார்ப்பார்கள். விலை என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

அந்த ஊரிலிருந்து தினமும் ஓசூர் தொழிற்சாலைக்கு பஸ் ஏறும் இளைஞர் ஒருவர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். பறவை, யானை, காடு என்றால் அவருக்கு உயிர். கையில் ஒரு சாதாரண டிஜிட்டல் கேமரா உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு சிக்பேட்டை பழைய பொருள் சந்தையில் ஒரு லென்ஸ் கண்ணில் படுகிறது. முழங்கை நீளம், முழுக்க உலோகம், 300 மி.மீ., கிழக்கு ஜெர்மனியில் செய்தது. "ரேர் பீஸ் சார், இனிமே கிடைக்காது" என்கிறார் கடைக்காரர். கேட்கும் விலையோ ஒரு மாதச் சம்பளம்! வீட்டில் தங்கையின் கல்லூரிக் கட்டணம் காத்திருக்கிறது.

வாங்கலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலைப் பார்த்தால் பதில் கிடைக்காது. டெலிபோட்டோ லென்ஸின் வரலாற்றைப் பார்த்தால் ஓரளவு கிடைக்கும். "ரேர்" என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு, யார் அந்த மதிப்பைக் கொடுத்தார்கள், நல்ல படங்களை எடுத்தவர்கள் எதை வைத்து எடுத்தார்கள் என்பதெல்லாம் அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

டெலிபோட்டோ என்றால் என்ன?

நீளமாக இருக்கும் லென்ஸ் எல்லாமே டெலிபோட்டோ என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 300 மி.மீ. குவிய நீளமுள்ள ஒரு எளிய குவிலென்ஸ், தூரத்துப் பொருளின் பிம்பத்தைத் தனக்கு 300 மி.மீ. பின்னால்தான் விழ வைக்கும். 600 மி.மீ. என்றால் ஏறக்குறைய இரண்டடி. தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரிய வேண்டுமானால் குழாயும் நீண்டுகொண்டே போக வேண்டும்.

இந்த நீளத்தைச் சுருக்கும் தந்திரம்தான் டெலிபோட்டோ. முன்னால் ஒளியைக் குவிக்கும் லென்ஸ் தொகுதி. பின்னால், ஒளி குவிந்து முடிவதற்கு முன்பே அதைச் சற்று விரிக்கும் குழிலென்ஸ் தொகுதி. இரண்டும் சேரும்போது பிம்பத்தின் அளவு நீண்ட லென்ஸ் தருவது போலவே இருக்கும், ஆனால் குழாயின் நீளம் குறைந்துவிடும்.

குவிலென்ஸையும் குழிலென்ஸையும் இப்படிச் சேர்த்தால் பெரிய பிம்பம் கிடைக்கும் என்பதை வானியலாளர் கெப்ளர் 1611ல் வெளியிட்ட ஒளியியல் நூலிலேயே விளக்கியிருக்கிறார். 1830களில் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ இதே வழியைத் தொலைநோக்கிகளுக்குப் பயன்படுத்தினார். ஆனால் அப்போது புகைப்படக் கலையே பிறந்திருக்கவில்லை, அல்லது தொட்டிலில் கிடந்தது.

1891: மூன்று பேர், ஒரே யோசனை

புகைப்படக் கருவிக்கான டெலிபோட்டோ லென்ஸ் 1891ம் ஆண்டு பிறந்தது. வேடிக்கை என்னவென்றால் ஒரே ஆண்டில் மூன்று பேர் தனித்தனியாக அதே யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்தில் தாமஸ் டால்மேயர், ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே மற்றும் அடால்ஃப் ஸ்டைன்ஹெயில்.

அந்தக் காலத்து டெலிபோட்டோ பெரும்பாலும் ஒரு துணைக்கருவிதான். ஏற்கெனவே இருக்கும் லென்ஸுக்குப் பின்னால் குழிலென்ஸ் தொகுதியை மாட்டி, இடைவெளியைக் கூட்டிக் குறைத்துப் பெரிதாக்க வேண்டும். வெளிச்சம் பெருமளவு குறைந்துவிடும். அசையாத கோபுரத்தையும் மலையையும் எடுக்கலாம், ஓடுகிற மானை எடுக்க முடியாது. தனி லென்ஸாக முழுமையாக வடிவமைத்த டெலிபோட்டோக்கள் 1905ல் ஜெர்மனியின் பூஷ் நிறுவனம் கொண்டுவந்த பிஸ்-டெலார் போன்றவற்றோடுதான் பரவின.

அதே 1890களில் இன்னொரு கண்டுபிடிப்பும் நடந்தது. இங்கிலாந்தின் லென்ஸ் வடிவமைப்பாளர் டென்னிஸ் டெய்லர், காலப்போக்கில் மேற்பரப்பு மங்கிப்போன சில பழைய லென்ஸ்கள் புதிய லென்ஸைவிட அதிக வெளிச்சத்தைக் கடத்துவதைக் கவனித்தார். பார்த்தால் அழுக்கு, வேலையில் மேல்! கண்ணாடியின் மேல் தானாகப் படிந்த அந்த மெல்லிய படலம் ஒளிப் பிரதிபலிப்பைக் குறைத்ததுதான் காரணம். இதையே செயற்கையாகச் செய்யும் முறையை 1935ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா உருவாக்கினார். இன்று லென்ஸை சாய்த்துப் பார்த்தால் தெரியும் ஊதா, பச்சை நிறப் பளபளப்பு அந்தப் பூச்சுதான்.

பழைய லென்ஸ் வாங்குகிறவருக்கு இதில் முதல் பாடம் உண்டு. தோற்றத்தை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. அதே நேரம், உலகப் போருக்கு முந்தைய லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்குப் பூச்சு கிடையாது. எதிர்வெயிலில் எடுத்தால் படம் வெளிறிப் போகும்.

பெர்லினும் டோக்கியோவும்

1936ல் பெர்லின் ஒலிம்பிக் போட்டி. ஓடுதளத்தின் ஓரத்திலிருந்து வீரர்களை நெருக்கமாக எடுக்க வேகமான நீண்ட லென்ஸ் தேவைப்பட்டது. ஸைஸ் நிறுவனத்தின் லுட்விக் பெர்டெலே வடிவமைத்த 180 மி.மீ. எஃப் 2.8 சோனார் லென்ஸ் அந்தக் காலகட்டத்தில் வந்தது. அந்தப் போட்டியின் பெயராலேயே இன்றும் "ஒலிம்பியா சோனார்" என்று அழைக்கப்படுகிறது. போருக்கு முந்தைய அந்த லென்ஸ்கள் மிகக் குறைவு. சேகரிப்பாளர்கள் அவற்றுக்குப் பெரும் தொகை கொடுக்கிறார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. போருக்குப் பின் ஸைஸின் சொந்த ஊரான யெனா கிழக்கு ஜெர்மனிக்குள் வந்தது. அங்கே 180 மி.மீ. சோனார் பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்யப்பட்டது. ஒரே வம்சத்து லென்ஸ்தான், முதல் தலைமுறை பொக்கிஷம், பிந்தைய தலைமுறை சாதாரண விலை! விலை வித்தியாசம் படத்தில் தெரிவதில்லை, எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

நம் இளைஞர் பார்த்த 300 மி.மீ. லென்ஸுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கிழக்கு ஜெர்மனியின் கெர்லிட்ஸ் நகரில் இருந்த மேயர் ஆப்டிக் நிறுவனம் "ஓரெஸ்டெகோர்" என்ற பெயரில் 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் செய்தது. 1968ல் மேயர் நிறுவனம் பென்டகான் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அதே லென்ஸ் "பென்டகான்" என்ற பெயரில் வெளிவரத் தொடங்கியது. ஏறக்குறைய இரண்டு கிலோ எடை. ஓரெஸ்டெகோர் என்று பெயர் பொறித்திருந்தால் "ரேர்" என்பார்கள், பென்டகான் என்றால் "காமன்" என்பார்கள். பெயர்தான் மாறியது, கண்ணாடி அல்ல.

இதற்கு நேர் எதிரான கதை டோக்கியோவில் நடந்தது. 1950ல் அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகைக்காக ஜப்பான் வந்திருந்தார் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன். அன்று உலகம் ஜப்பானியப் பொருள் என்றாலே மட்டம் என்று நினைத்த காலம். ஜுன் மிக்கி என்ற இளம் ஜப்பானியப் புகைப்படக்காரர், நிக்கோர் 85 மி.மீ. லென்ஸில் டங்கனையே ஒரு படம் எடுத்தார். அதன் பெரிய அச்சைப் பார்த்த டங்கன் அசந்துபோனார். தொழிற்சாலைக்கே சென்று லென்ஸ்களைச் சோதித்தார், தன் லைக்கா கேமராவில் ஜெர்மன் லென்ஸ்களுக்குப் பதிலாக நிக்கோர்களை மாட்டிக் கொண்டார். அதே ஆண்டு ஜூனில் கொரியப் போர் வெடித்தது. அவர் அனுப்பிய படங்களின் கூர்மையைப் பார்த்து அமெரிக்கப் பத்திரிகை உலகம் விழித்துக் கொண்டது.

டங்கன் பெயரைப் பார்த்து வாங்கவில்லை. அச்சிட்ட படத்தைப் பார்த்து வாங்கினார். குந்தாரப்பள்ளி சந்தைக்காரர்கள் செய்வதும் இதுதான்.

விலையின் உச்சி

"ரேர்" என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

கேனான் நிறுவனம் 1993ல் 1200 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் ஒன்றை வெளியிட்டது. 16 கிலோவுக்கு மேல் எடை. ஆர்டர் கொடுத்தால்தான் செய்வார்கள், அதுவும் மிகக் குறைந்த எண்ணிக்கையில். 2021ல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் ஏலத்தில் அதில் ஒன்று 5 லட்சம் யூரோவுக்குப் போனது.

அதையும் தாண்டியது லைக்கா. கத்தார் நாட்டின் ஷேக் சவுத் பின் முகமது அல் தானிக்காக 1600 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் ஒன்றைத் தனியாகச் செய்து கொடுத்தது. எடை சுமார் 60 கிலோ, விலை சுமார் 20 லட்சம் டாலர் என்று 2006ல் செய்திகள் வந்தன. அவர் வெறும் ஆடம்பரப் பிரியர் என்றும் ஒதுக்கிவிட முடியாது. இயற்கையில் அழிந்துகொண்டிருந்த ஸ்பிக்ஸ் மக்காவ் என்ற நீலக் கிளிகளைத் தன் அல் வாப்ரா பண்ணையில் வளர்த்துப் பெருக்கியவர் அவர். ஆனாலும் 60 கிலோவைத் தூக்கிக்கொண்டு யாரும் ஒரு குருவியின் பின்னால் ஓட முடியாது என்பதும் உண்மைதானே!

எட்வர்ட் எலியட்ஸ் சாலையிலிருந்து முதுமலை வரை

இனி தமிழ்நாட்டுக்கு வருவோம். லென்ஸ் வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இங்கே ஒருவர் தன் வாழ்க்கையாலேயே பதில் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் மா. கிருஷ்ணன்.

1912ல் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1940களில் பெல்லாரிக்கு அருகில் உள்ள சந்தூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு சென்னை எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் (இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை) வாழ்ந்தபடி எழுத்தையும் புகைப்படத்தையும் மட்டுமே நம்பி வாழ்ந்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950ல் தொடங்கிய இயற்கை பற்றிய பத்தியை 1996ல் இறக்கும் வரை எழுதினார். 46 ஆண்டுகள்! தமிழிலும் காட்டுயிர் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரனின் தொகுப்பில் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக வந்துள்ளன.

கிருஷ்ணன் எடுத்த படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. அவர் வைத்திருந்த கருவிதான் நம் கதைக்கு முக்கியம். கேமரா உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறு கம்பெனி, மற்ற பாகங்கள் எங்கெங்கோ கிடைத்தவை. எல்லாவற்றையும் அவரே கையால் சேர்த்துக் கட்டியிருந்தார். நீலகிரியில் வாழ்ந்த வழக்கறிஞரும் இயற்கையாளருமான ஈ.ஆர்.சி. டேவிதார் இதை நேரில் பார்த்தவர். லென்ஸ் ஆடாமல் இருக்க பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றியிருக்கக்கூடும் என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறார். கிருஷ்ணன் அந்தக் கருவிக்கு வைத்த பெயர் "சூப்பர் பாண்டெரோசா". கேட்டாலே கனம் தெரிகிற பெயர்!

இந்த ஒட்டுக் கருவியைத் தூக்கிக்கொண்டுதான் முதுமலை போன்ற காடுகளில் அவர் யானைக் கூட்டங்களை எடுத்தார். வளர்ப்பு யானையின் முதுகில் ஏறிப் போய் காட்டு யானைகளை நெருங்குவது அவருடைய வழிகளில் ஒன்று. 1968ல் ஜவஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் பெற்று தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். அதன் விளைவை 1975ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் நூலாக வெளியிட்டது. 1970ல் பத்மஸ்ரீ. அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2006ல், அவருடைய படங்கள் 'ஐ இன் த ஜங்கிள்' என்ற பெரிய தொகுப்பாக வந்தன.

யானை எந்த மரத்தடியில் நிற்கிறது, கன்று எந்தப் பக்கம் இருக்கிறது, கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதெல்லாம் அந்தப் படங்களில் தெரியும். அதற்கு விலை உயர்ந்த லென்ஸ் காரணம் அல்ல. பல மணி நேரம் காத்திருந்ததும், விலங்கின் அடுத்த அசைவை முன்கூட்டியே அறிந்ததும்தான் காரணம்.

ஏன் ஒட்டுப் போட்டார்?

கிருஷ்ணன் ஏன் ஒரு நல்ல முழுக் கருவியை வாங்கவில்லை? அவருடைய சுபாவம் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றைய இந்தியாவின் நிலையும் அப்படித்தான் இருந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வெளிநாட்டுக் கேமராக்களின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினர் கொண்டுவந்தால் உண்டு, அல்லது சென்னை பர்மா பஜார் போன்ற இடங்களில் கிடைத்தால் உண்டு. 1985ல் தீயில் எரிந்துபோன மூர் மார்க்கெட் வரைக்கும் சென்னையில் பழைய பொருள் தேடுகிறவர்களுக்கு அதுவே கோயில்.

ஃபிலிமும் தட்டுப்பாடுதான். அதற்காகத்தான் 1960ல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டு, 1967ல் உற்பத்தி ஆரம்பித்தது. "இந்து" என்ற பெயரில் வந்த அதன் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் ஒரு தலைமுறையே படம் பிடிக்கக் கற்றுக்கொண்டது. டிஜிட்டல் வந்தபின் அந்தத் தொழிற்சாலை நலிந்து மூடப்பட்டது.

இந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஓரளவு எளிதாக வந்தவை சோவியத் ஒன்றியத்துப் பொருட்கள். டாலர் தேவையில்லாத ரூபாய் வணிகம் அதற்கு வழி செய்தது. சோவியத் செனித் கேமராக்கள் இந்திய நடுத்தர வீடுகளுக்கு வந்தது அப்படித்தான். சோவியத் லென்ஸ்களில் இரண்டு நினைவில் வைக்க வேண்டியவை. ஒன்று எம்.டி.ஓ. 500. மக்சுதோவ் என்ற விஞ்ஞானியின் கண்ணாடி-லென்ஸ் கலப்பு முறையில் ஆன குட்டையான 500 மி.மீ. லென்ஸ். 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் பெரும் பரிசு வாங்கியது. பின்னணியில் உள்ள வெளிச்சப் புள்ளிகளை எல்லாம் மெதுவடை மாதிரி வளையமாக்கிவிடும்! இன்னொன்று துப்பாக்கிக் கட்டையில் பொருத்திய 300 மி.மீ. "ஃபோட்டோஸ்நைப்பர்". அதைத் தூக்கிக்கொண்டு இன்று காட்டோரம் போனால் வனத்துறைக்கு விளக்கம் சொல்லியே பொழுது போய்விடும்.

ஆக, இன்று பழைய பொருள் சந்தையில் கிடைக்கும் கிழக்கு ஜெர்மன், சோவியத் லென்ஸ்களை "அரிய பொருள்" என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவை அந்தக் காலத்து மக்கள் லென்ஸ்கள். நிறையச் செய்யப்பட்டவை. இந்தியாவில் குறைவாக இருப்பது வேறு, உலகத்தில் குறைவாக இருப்பது வேறு.

2008க்குப் பிறகு என்ன ஆனது?

ஒரு காலத்தில் பரணில் கிடந்த இந்த லென்ஸ்களுக்கு மறுபடியும் கிராக்கி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2008ல் பானசோனிக் ஜி1 வந்தது. உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்களின் காலம் அதோடு தொடங்கியது. 2010ல் சோனியும் வந்தது.

லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே உள்ள தூரம் கேமராவுக்குக் கேமரா வேறு. பழைய எம்42 திருகு லென்ஸ்களுக்கு அது 45.46 மி.மீ. சோனியின் புதிய கேமராக்களில் வெறும் 18 மி.மீ. மிச்சமுள்ள இடைவெளியை ஒரு உலோக வளையத்தால் நிரப்பினால் போதும், பழைய லென்ஸ் வேலை செய்யும். ஆனால் நிக்கானின் பழைய எஸ்.எல்.ஆர். வகைக் கேமராவில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. அங்கே எம்42 லென்ஸை வெறும் வளையத்தால் மாட்டினால் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாது. தூரத்தைப் பார்க்க வாங்கிய லென்ஸில் தூரம் மட்டும் தெரியாது!

எனவே லென்ஸைப் பார்ப்பதற்கு முன் நம் இளைஞர் தன் கேமராவைப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மோட்டார் வாகனம், கைக்கடிகாரம் என்று துல்லியமான உலோக வேலையில் வளர்ந்த ஊர் அது. கடையில் கிடைக்காத அடாப்டர் வளையத்தையும் அளவு சொன்னால் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிருஷ்ணனின் சைக்கிள் டியூபுக்கு இன்றைய பதில் அது.

பல்லைப் பிடித்துப் பார்ப்பது எப்படி?

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும். பழைய லென்ஸில் பார்க்க வேண்டியவை இவை:

1. பூஞ்சை: லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் பூஞ்சை. ஈரப்பதமான அலமாரியில் கிடந்த லென்ஸ்களுக்கு வரும் நோய். முற்றினால் கண்ணாடியையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது.

2. பசை பிரிதல்: பழைய லென்ஸ்களில் இரண்டு கண்ணாடிகளை கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டியிருப்பார்கள். அது பிரிந்தால் ஓரத்தில் வானவில் நிற வளையமோ குமிழியோ தெரியும். சரி செய்வது பெரும் செலவு.

3. உள் மூட்டம்: டார்ச் வெளிச்சத்தில் பால் கலந்தது போல வெளிறித் தெரிந்தால் படமும் வெளிறித்தான் வரும்.

4. துளை இதழ்கள்: வளையத்தைத் திருப்பினால் இதழ்கள் தடையின்றித் திறந்து மூட வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

5. ஃபோகஸ் வளையம்: கிரீஸ் காய்ந்திருந்தால் நகராது. சுத்தம் செய்து புது கிரீஸ் போடலாம், ஆனால் அந்தக் கூலியை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

6. நடக்க விட்டுப் பார்ப்பது: கேமராவில் மாட்டி, தூரத்து போர்டு ஒன்றின் எழுத்தை முழுத் திறப்பிலும், இரண்டு படி குறைத்தும் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

முன்கண்ணாடியில் ஓரிரண்டு மெல்லிய கீறல்களோ கொஞ்சம் தூசியோ இருந்தால் பயப்பட வேண்டாம். படத்தில் பெரும்பாலும் தெரியாது. விலை குறைக்க மட்டும் பயன்படும்!

இன்னும் இரண்டு விஷயம். இந்த லென்ஸ்களில் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதியும் லென்ஸுக்குள் கிடையாது. இரண்டு கிலோ லென்ஸுக்கு உறுதியான முக்காலி வேண்டும். முக்காலி விலையையும் சேர்த்துத்தான் லென்ஸின் விலையைக் கணக்கிட வேண்டும்.

தூரத்தின் மதிப்பு

இவ்வளவு தொல்லை எதற்கு, கையில் உள்ள செல்போனில் எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். குந்தாரப்பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியில் இந்தக் கேள்விக்கு வேறு ஒரு கனம் உண்டு.

ஒரு காலத்தில் கென்னத் ஆண்டர்சன் துப்பாக்கியோடு அலைந்து எழுதிய ஜவளகிரி, அஞ்செட்டி காடுகள் இந்த மாவட்டத்தில்தான் உள்ளன. அவற்றின் பெரும்பகுதி 2014ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 504 சதுர கி.மீ. 2022ல் காவிரி தெற்கு சரணாலயமும் சேர்ந்தது, சுமார் 686 சதுர கி.மீ. கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் சானமாவு காடு என்று வந்து, சில சமயம் சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கம் வரை போகின்றன. நடுவே தொழிற்சாலைகள், நெடுஞ்சாலை, வயல்கள். யானை வந்த செய்தி பரவினால் போதும், செல்போனும் கையுமாகக் கூட்டம் கூடிவிடுகிறது. செல்போன் கேமராவில் யானை பெரிதாகத் தெரிய வேண்டுமானால் யானைக்கு அருகில் போக வேண்டும். மிரண்ட யானை துரத்தினால் மனிதனால் ஓடித் தப்புவது கடினம். இரவெல்லாம் காவல் காக்கும் விவசாயிக்கும் அந்தக் கூட்டத்தால் இழப்புதான்.

300 மி.மீ. லென்ஸ் இங்கே தருவது வெறும் பெரிய பிம்பம் அல்ல. விலகி நிற்கும் உரிமை. யானைக்கும் நிம்மதி, எடுப்பவருக்கும் உயிர்.

ஆனால் அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்தால் முன்னும் பின்னும் உள்ள பொருட்கள் ஒட்டி நிற்பது போலத் தெரியும். வீட்டுக்கு 200 மீட்டர் அப்பால் நிற்கும் யானை, படத்தில் வாசலில் நிற்பது போலத் தோன்றும். அந்தப் படம் ஊருக்குள் பரவினால் பீதியும் கோபமும் பரவும். விலகி நின்று எடுப்பவர், உண்மையில் எவ்வளவு தூரம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

சரி, வாங்கலாமா?

"ரேர்" என்பதற்காக என்றால், வேண்டவே வேண்டாம். மறுபடி விற்று லாபம் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் என்றாலும் வேண்டாம். சேகரிப்பாளர்கள் தேடும் லென்ஸ் சிக்பேட்டை தெருவோரத்துக்கு வருவது அபூர்வம். நம் இளைஞர் பார்த்தது நல்ல லென்ஸாக இருக்கலாம், ஆனால் ஆயிரக்கணக்கில் பிறந்த குடும்பத்துப் பிள்ளை அது. ஒரு மாதச் சம்பளம் அதற்கு அதிகம். தங்கையின் கட்டணத்தைக் கட்டிவிட்டு அடுத்த மாதம் போனாலும் அதே மாதிரி இன்னொன்று கிடைக்கும். "இனிமே கிடைக்காது" என்ற சொல்லுக்குத்தான் கடைக்காரர் விலை கேட்கிறார்.

பயன்படுத்துவதற்காக என்றால், மேலே சொன்ன ஆறு சோதனைகளிலும் தேறி, தன் கேமராவுக்குப் பொருந்தி, விலையும் இறங்கி வந்தால் தாராளமாக வாங்கலாம். அதற்கு முன் இன்னும் ஒன்றைச் செய்து பார்ப்பது நல்லது. கையில் இருக்கும் சாதாரண கேமராவோடு நாலு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு ஏரிக்கரையில் விடியற்காலையில் போய் உட்கார வேண்டும். எந்தக் கொக்கு எங்கே இறங்குகிறது, எந்த நேரத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நாலாவது வாரமும் எழுந்து போக மனம் வந்தால் லென்ஸ் வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். வரவில்லை என்றால் ஒரு மாதச் சம்பளம் மிச்சம்!